வயலின்கள் அலறிய கதை

அச்சமூட்டும் திரைப்படம் ஒன்றைப் பார்க்கும்போது நீங்கள் கண்களை இறுக மூடிக்கொண்டதுண்டா? அப்படி மூடியும் அச்சம் தணிவதில்லை. மாறாக, கண்களைத் திறந்துகொண்டு காதுகளைப் பொத்திப் பாருங்கள். அதே காட்சி வெகுவாக வலுவிழந்துவிடும். இதற்குக் காரணம் என்ன?

1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'சைக்கோ' என்னும் படத்தை எடுத்தார். அதில் குளியலறையில் ஒரு பெண் கொலை செய்யப்படும் காட்சி வருகிறது. அதற்கு இசையே வேண்டாம் என்பது அவர் கருத்து. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதை ஏற்கவில்லை. தாமாகவே அக்காட்சிக்கு இசை எழுதினார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இசையும் அவ்வாறே இருக்கட்டும் என்று, படம் முழுவதற்கும் தந்திக் கருவிகளை மட்டுமே கையாண்டார். கத்தி ஓங்கும்போது வயலின்கள் உச்ச சுருதியில் கீச்சிட்டன. கேட்ட ஹிட்ச்காக் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அந்த ஓசைக்கு அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஒரு விலங்கு உயிருக்கு அஞ்சி வீறிடும்போது, அதன் குரல் நாண்கள் அளவுக்கு மீறி அதிர்கின்றன. அதனால் குரல் சீராக வராமல் கரகரத்து, சுருதி திடீரெனத் தாவுகிறது. மார்மட் என்னும் மலைவாழ் அணிலினத்தை ஆராய்ந்துவந்த டேனியல் புளூம்ஸ்டைன் என்ற விஞ்ஞானி, அதன் குட்டிகளின் அலறலில் இத்தன்மையைக் கண்டார். பின்னர் அவரும் அவருடைய குழுவினரும் 102 திரைப்படங்களின் காட்சிகளை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். திகில் படங்களின் ஒலியில் இத்தகைய கரகரப்பும் அலறலும் மிகுந்திருந்தன. உயிர் காக்கும் பழைய எச்சரிக்கைக் குரலைத் திரைப்பட ஒலியும் கையாள்கிறது என்பது இதிலிருந்து புலனாகிறது அல்லவா?

ஆயினும் இசையே எப்போதும் வெல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். 1966இல் வெளிவந்த 'டார்ன் கர்ட்டன்' படத்துக்காக ஹெர்மன் எழுதிய இசையை ஹிட்ச்காக் அடியோடு ஒதுக்கினார். அதில் வரும் கொலைக் காட்சி இசையின்றியே அமைந்தது. மூச்சிரைப்பும் போராட்டமும் மட்டுமே கேட்கும். அக்காட்சியும் நெஞ்சை உலுக்கவே செய்கிறது. ஆனால் அந்தப் பூசலோடு இருவரின் நட்பும் முறிந்தது.

அடுத்த முறை திரையரங்கில் உங்கள் நெஞ்சு படபடத்தால், ஒரு கணம் இசையை மட்டும் கவனியுங்கள். குழந்தை வீறிட்டால் நள்ளிரவிலும் துள்ளி எழும் தாயின் செவியே உங்களுக்கும் வாய்த்திருக்கிறது என்பது விளங்கும்.