கார்ன்வாலிலிருந்து கச்சுக்கு
இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஹெல்ஸ்டன்-லிசர்டு ரோட்டரி சங்கத்தார் 2000இல் தொடங்கிய ஷெல்டர்பாக்ஸ் என்ற நிவாரண அமைப்பு, தன் முதல் 143 பெட்டிகளை 2001 ஜனவரியில் குஜராத்தின் கச்சுப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்துக்குத்தான் அனுப்பியது. கூடாரம், போர்வை என ஒரு குடும்பம் தலைசாய்க்கத் தேவையானவை ஒரே பெட்டியில். லட்சக்கணக்கான வீடுகள் நொறுங்கிய இடத்தில் 143 எம்மாத்திரம்? பணமாக அனுப்பியிருந்தால் அகமதாபாத்திலேயே தார்ப்பாய் வாங்கியிருக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். வீட்டைத் திரும்பக் கட்டப் பணமே மேல். ஆனால் பணம் தார்ப்பாயாக மாறச் சந்தையும் சாலையும் வேண்டும். கச்சின் ஜனவரிக் குளிர் அதுவரை பொறுக்காது. கொடுப்பவர் மனமும் ஒரு கணக்கு. பொதுநிதியில் கரையும் காசைவிட, இன்னின்ன பொருள் போய்ச் சேரும் என்று கண்ணுக்குத் தெரியும் பெட்டிக்குச் சாதாரண மக்களிடம் கேட்பது எளிது. 2004 சுனாமிக்குப் பின் அந்தப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் போயின.