எந்த ஏட்டில் உள்ளது உன் பெயர்?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் வாக்கு. வாழ்க்கையின் பல துறைகளில் அது மெய்யே. ஆனால் வாணிகத்துக்கு நாம் இடும் பெயரைப் பொறுத்த மட்டில் அம்மொழி அப்படியே தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஏட்டில் ஏறிய சுரைக்காய்தான் எளிதில் கறிக்கு உதவும். ஏறாத பெயர் எத்துணை இனியதாயினும், அதனைத் தன்னுடையது என்று மெய்ப்பிக்க உரியவன் பெரும்பாடு பட நேரும்.

இவ்வெண்ணத்தை என்னுள் எழுப்பியது கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடல். உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் உழைத்து மறைந்தவர். அவர் மகனும் சுரங்கத் தொழிலாளியே. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களுள் அவரும் ஒருவர். பேரன் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் சென்று, மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டவன். இனித் தன் ஊரிலேயே நண்பன் ஒருவனுடன் சேர்ந்து பட்டறை தொடங்கப் போவதாக மகிழ்ச்சியுடன் கூறினான்.

"பெயரும் முடிவாகிவிட்டது, மாமா. பலகை எழுதக் கொடுத்துவிட்டேன்."

"ஏட்டைப் பார்த்தாயா, அப்பா?"

"எந்த ஏட்டை?"

அவன் கேட்ட கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூற வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கூட்டாக வாணிகம் செய்வதும், அக்கூட்டத்துக்கு ஒரு பெயர் பூணுவதும் நமக்குப் புதியன அல்ல. கன்னட நாட்டு ஐகொளெயில் தோன்றிய ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழகம் முழுவதும் வழங்கினர். கடல் கடந்தும் சென்றனர். சுமத்திராத் தீவின் பாரூஸ் பகுதியில் கிடைத்துள்ள 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்களைக் குறிப்பிடுகிறது. கன்னட நிலத்தில் பிறந்த வணிகப் பெயர், தமிழ் எழுத்தில், அயல் நாட்டுக் கல்லில் நிலைபெற்றது. அன்று கல்லே ஏடு. குழுவின் நாணயமே அப்பெயருக்குக் காவல்.

அரசாங்கமே ஒரு பதிவாளரை அமர்த்தி, கம்பெனிகளின் பெயர்களை ஓரிடத்தில் எழுதி வைக்கும் முறை இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. 1855-இல், பங்குதாரரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனிகள் தம் பெயரின் இறுதியில் 'லிமிடெட்' என்ற சொல்லைச் சேர்த்தல் வேண்டும் என்ற விதி வந்தது. கடன் கொடுப்பவனுக்குப் பெயரே எச்சரிக்கையாக விளங்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1862-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஏற்கெனவே உள்ள கம்பெனியின் பெயரையோ, மக்கள் மயங்குமளவுக்கு அதனை ஒத்த பெயரையோ மற்றொருவர் பதிவு செய்தலாகாது என்று விதித்தது.

இந்தச் சட்டத்தின் நிழலில்தான் தங்கவயலின் பெயர்கள் இலண்டன் ஏட்டில் ஏறின. அயர்லாந்தில் பிறந்து, போர்வீரராயிருந்து, பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லாவெல் என்பவர் 1873-இல் மைசூர் அரசாங்கத்திடம் சுரங்க உரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1875-இல் உரிமை கிட்டியது. பின்னர் அவ்வுரிமை பிறர் கைக்கு மாறி, 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் இவ்வட்டாரத்தில் அடியெடுத்து வைத்தனர். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தோன்றின.

இவற்றுள் உரிகத்தின் கதை சுவையானது. நம் மக்கள் உரிகம் என்று வழங்கும் சிற்றூரின் பெயர், இலண்டன் ஏட்டில் 'ஊரெகம்' என்று படிக்குமாறு ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டது. அதே ஊரின் இரயில் நிலையமோ 'ஊர்காம்' ஆயிற்று. அந்த ஊரெகம் கம்பெனி பணமுடையால் தவித்தபோது, 1 பவுன் மதிப்புள்ள முன்னுரிமைப் பங்கை 5 ஷில்லிங்குக்கு வழங்கி, எஞ்சிய 15 ஷில்லிங்கும் செலுத்தப்பட்டதாக வைத்துக்கொண்டது. ரோப்பர் என்ற பங்குதாரர் வழக்குத் தொடுத்தார். பங்கின் முகமதிப்பைக் குறைத்து விற்றல் செல்லாது என்று 1892-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கம்பெனிச் சட்டம் பயில்வோர் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கின்றனர். தங்கவயலின் ஒரு சிற்றூர்ப் பெயர் அவ்வாறு உலகச் சட்ட நூல்களில் இடம் பெற்றுவிட்டது.

ஆனால் அந்தப் பெயருக்கு மதிப்பை ஈட்டித் தந்தவர்கள் எந்த ஏட்டில் இருந்தார்கள்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து, பூமிக்கடியில் வெப்பத்திலும் இருளிலும் உழைத்தவர்களின் பெயர்கள் இலண்டன் பதிவேட்டில் இல்லை. அவர்களுக்கென்று வந்த ஏடு வேறு வகையானது. அது கைரேகையைக் கேட்டது. அந்தக் கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ஆம் ஆண்டில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒருவனுக்கு உரிமை தரும் ஏடும் உண்டு. அவனைக் கண்காணிக்கும் ஏடும் உண்டு. அவ்விரண்டின் வேறுபாட்டைத் தங்கவயல் மக்கள் தம் அனுபவத்தாலேயே அறிந்திருந்தனர்.

இந்தியாவில் கம்பெனிப் பதிவு 1850-ஆம் ஆண்டுச் சட்டத்துடன் தொடங்கிற்று. 1857, 1866, 1882, 1913 ஆகிய ஆண்டுகளில் புதுச் சட்டங்கள் தொடர்ந்தன. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான், 1906 அக்டோபர் 16-ஆம் நாள், வ. உ. சிதம்பரனாரின் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். 'சுதேசி' என்ற ஒரு சொல்லை ஆங்கில ஆட்சியின் ஏட்டிலேயே எழுதுவித்த துணிவை எண்ணிப் பாருங்கள். கம்பெனி நெடுநாள் வாழவில்லை, பெயர் வாழ்கிறது.

விடுதலைக்குப் பின் 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தங்கவயல் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசாங்கத்திடம் சென்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பெயர் பூண்டன. 1973-இல் மைசூர் மாநிலமே கர்நாடகம் எனப் பெயர் மாறியது. சுரங்கம் ஒன்றே, பெயர்களோ பல. ஒவ்வொரு பெயர் மாற்றத்துடனும் உரிமையாளரும் மாறினர் என்பதைக் காண்க.

இப்போது அந்த இளைஞனின் கேள்விக்கு வருவோம். எந்த ஏடு? ஒன்றன்று, அவன் பார்க்க வேண்டிய ஏடுகள் மூன்று.

முதலாவது கம்பெனிகளின் ஏடு. இது மத்திய அரசாங்கத்தினுடையது. ஆண்டர்சன்பேட்டையில் தொடங்கும் கம்பெனியின் பெயரையும் அரியானா மாநிலத்து மனேசரில் உள்ள மத்தியப் பதிவு மையமே ஆராய்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய கம்பெனிக்காக ஒப்புதல் பெற்ற பெயர் 20 நாட்களுக்கு நமக்கென ஒதுக்கி வைக்கப்படும். கட்டணம் செலுத்தி அதனை நீட்டித்துக்கொள்ளலாம். எழுத்துக் கூட்டலை மாற்றிவிட்டால் வேறு பெயராகிவிடும் என்று எண்ணுதல் கூடாது. ஒலி ஒத்திருந்தாலே போதும், மறுப்பு வரும். ஆங்கிலப் பெயரை அப்படியே இந்தியில் பெயர்த்து வைத்தாலும் ஏற்கமாட்டார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த விதியைப் படித்தபோது சிறு நகை தோன்றியது. மொழி மாறினாலும் பொருள் மாறவில்லை என்பதை ஒரு சட்டமாவது ஒப்புக்கொண்டதே!

இரண்டாவது கூட்டு வணிக நிறுவனங்களின் ஏடு. இது மாநிலத்துக்குரியது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, அந்தந்த மாநில அரசாங்கம் அமர்த்தும் பதிவாளரிடம் இது உள்ளது; உரிய கட்டணம் செலுத்தி எவரும் இதனைப் பார்வையிடலாம். பதிவு கட்டாயம் அன்று. ஆனால் பதிவு பெறாத கூட்டு நிறுவனம், தன் ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய பணத்துக்காகப் பிறர்மீது வழக்குத் தொடர இயலாது. மற்றொன்றையும் நினைவில் நிறுத்த வேண்டும். வேலூரில் பதிவான பெயரே கோலாரிலும் பதிவாகியிருக்கக் கூடும். ஒரு மாநிலத்து ஏடு மற்றொரு மாநிலத்தில் காவல் நிற்பதில்லை. மாநில எல்லையைக் கடந்து வாழும் நம்மவர் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது வணிகச் சின்னங்களின் ஏடு. நாடு முழுமைக்கும் பெயருக்குக் காவல் தருவது இதுவே. கர்நாடகத்துக்கான பதிவகம் சென்னையில் உள்ளது. பொருள்களும் பணிகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பழுதுபார்க்கும் பணி 37-ஆம் வகுப்பைச் சேர்ந்தது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம். எனினும், பதிவு செய்தவனுக்கு முன்பிருந்தே அப்பெயரை நேர்மையாக வழங்கி வந்தவனைச் சட்டம் கைவிடுவதில்லை. ஆதலின் முதல் விற்பனைச் சீட்டு, முதல் விளம்பரம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருத்தல் அறிவுடைமை.

கடை உரிமமும் வரிப் பதிவும் தொழில் நடத்த வேண்டியவையே. ஆனால் அவை பெயருக்கு உரிமை தருவதில்லை. பலகையைப் பற்றியும் ஒரு சொல். கர்நாடகத்தில் 2024-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடத்தில் அமைதல் வேண்டும். நாம் வாழும் நாட்டின் மொழிக்கு முதலிடம் தருதல் நம் தமிழுக்குக் குறைவாகாது. ஐந்நூற்றுவர் இரு மொழியிலும் கல் பொறித்தவர்களே.

அன்று மாலை அந்த இளைஞனும் நானும் கைப்பேசியிலேயே ஏடுகளைத் தேடினோம். அவன் விரும்பிய பெயரை அதே தொழிலுக்காக வேறொருவர் முன்னரே சின்னமாகப் பதிவு செய்திருந்தார். எழுத்தில் சிறு வேறுபாடு, ஒலியோ ஒன்றே. அவன் முகம் வாடிற்று. பலகைக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று. ஆனால் ஐந்தாண்டு உழைத்து நற்பெயர் ஈட்டிய பின் ஒரு வழக்கறிஞரின் அறிவிப்பு வந்திருந்தால் போயிருக்கக் கூடியது அந்த ஐந்தாண்டு உழைப்பல்லவா?

சில நாட்களுக்குப் பின் கடிதம் எழுதினான். புதிய பெயர் தேர்ந்து, மூன்று ஏடுகளிலும் தேடிப் பார்த்து, கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்துவிட்டதாகத் தெரிவித்திருந்தான். பலகையில் கன்னடம் மேலே, தமிழ் கீழே. விண்ணப்பத்தின் ஒரு படியையும் இணைத்திருந்தான். உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. அதன் முன்னே அவன் தந்தையின் பெயரின் முதலெழுத்து. கைரேகையாகவே ஏட்டில் வாழ்ந்த ஒரு குடும்பம், உரிமையாளரின் பெயராக அதில் ஏற முதற்படி வைத்தது அன்றுதான்.