ஏடே தீர்த்தமான வரலாறு



வரலாற்றில் சில இனங்கள் நாட்டை இழந்தன. சில இனங்கள் கோயிலை இழந்தன. இரண்டையும் இழந்த பின்னரும் யூத இனம் தன் சமய வாழ்வைக் குலையாமல் காத்துக்கொண்டது எவ்வாறு? இவ்வினா, வகுப்பறையில் நிற்கும் நம் போன்றோருக்கு மிகவும் நெருக்கமானது. ஏனெனில், அவர்கள் கண்ட விடையின் நடுவே ஒரு சிறு பிள்ளையும் ஓர் ஆசிரியரும் அமர்ந்திருக்கிறார்கள். மறைநூலை ஓதுவதும் ஆராய்ந்து கற்பதும் உள்ளத்தைத் தூய்மையாக்கும் என்பதே அவ்விடை. அந்நம்பிக்கை வளர்ந்த வரலாற்றை இங்கு எழுத விழைகிறேன்.

கோயில் இருந்த காலம்

பண்டைய யூதர்களின் தூய்மை, எருசலேம் கோயிலைச் சுற்றியே அமைந்திருந்தது. பிணத்தைத் தொட்டவரும் சில வகை நோயுற்றவரும் குறித்த நாள்கள் விலகியிருந்து, நீராடிய பின்னரே கோயிலுக்குள் நுழையலாம். குற்றம் புரிந்தவர் பலி செலுத்தினார். ஆண்டில் ஒரே நாள், கழுவாய் நாளன்று, தலைமைக் குரு மட்டும் கருவறைக்குள் சென்று மக்கள் அனைவரின் பிழைகளுக்கும் கழுவாய் தேடினார்.

நூல் ஓதும் வழக்கமும் அக்காலத்திலேயே இருந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எஸ்ரா என்னும் அறிஞர், எருசலேமின் தண்ணீர் வாயிலுக்கு முன் மரமேடையில் நின்று, விடியல் முதல் நண்பகல் வரை தோராவை வாசித்தார் என்று நெகேமியா நூல் கூறுகிறது. தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். ஆண்களும் பெண்களும் கூடியிருக்க, லேவியர்கள் கூட்டத்தினிடையே பொருள் விளக்கினர். கேட்ட மக்கள் கண்ணீர் விட்டனராம். வாசித்தல், விளங்கிக்கொள்ளல், உள்ளம் உருகுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ்ந்த அந்நாளை, மறைநூல் கல்வியின் தொடக்க நாள் என்றே நான் கருதுகிறேன்.

கி.பி. 70

உரோமைப் படைகள் கி.பி. 70இல் எருசலேமைக் கைப்பற்றிக் கோயிலை அழித்தன. பலிபீடம் இல்லை, தலைமைக் குருவுக்குப் பணியும் இல்லை. இனி மனிதன் தன் பிழையை எங்கே சென்று கழுவுவது?

அந்நாளில் வாழ்ந்த பேரறிஞர் யோகனான் பென் சக்காய். முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து சவப்பெட்டியில் வைத்து அவரை மாணவர்கள் வெளியே கொண்டுசென்றனர் என்பது தல்மூது என்னும் பெருநூல் தரும் செவிவழிச் செய்தி. உரோமைத் தளபதியிடம் அவர் வேண்டியவற்றுள் முதன்மையானது, யாவ்னே என்ற சிற்றூரும் அங்கிருந்த அறிஞர்களும் காக்கப்பட வேண்டும் என்பதாம். செய்தி எவ்வாறாயினும், யாவ்னேயில் கல்விக்கூடம் எழுந்தது வரலாறு.

ஒருநாள் கோயில் இடிபாடுகளைக் கண்ட அவருடைய மாணவர் யோசுவா, பாவம் கழுவும் இடம் பாழாயிற்றே என்று புலம்பினார். அன்புச் செயல்கள் அதற்கு இணையான கழுவாய் என்று ஆசான் தேற்றினார். பின்வந்த அறிஞர்கள் மேலும் ஓர் அடி வைத்தனர். பலிக்குரிய சட்டங்களைக் கற்பவன் அப்பலியையே செலுத்தியவனுக்கு ஒப்பாவான் என்றனர். கையில் ஆடும் புறாவும் இல்லாத ஏழைக்கும், நாடு கடந்து வாழ்வோருக்கும், தூய்மைக்கான வழி இவ்வாறு திறந்தது.

தூயோர் தூயதைக் கற்கட்டும்

இங்கேதான் சிறு பிள்ளை வருகிறது. தோராவின் முதல் நூல், உலகப் படைப்பைச் சுவைபடக் கூறும் தொடக்க நூல். பிள்ளைகளுக்கு ஏற்ற கதைகள் அதில் நிறைய உண்டு. ஆயினும் பழைய மரபில் பிள்ளைகளின் பாடம் மூன்றாம் நூலான லேவியராகமத்தில் தொடங்கியது. அது பலிகளையும் தூய்மைச் சட்டங்களையும் கூறும் கடினமான நூல். இதற்கு அறிஞர்கள் சொன்ன காரணம் எளியது: பிள்ளைகள் தூயவர்கள், பலிகளும் தூயவை, ஆகவே, தூயோர் வந்து தூயதில் ஈடுபடட்டும். கோயில் இல்லாத காலத்தில் ஆறு வயதுப் பிள்ளையின் வாய்மொழியே பலியாயிற்று. கோயிலை மீண்டும் கட்டுவதற்காகக்கூடப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தலாகாது என்றும் தல்மூது கூறுகிறது.

பள்ளிகள் எழுந்த முறையையும் அந்நூல் குறித்து வைத்துள்ளது. தொடக்கத்தில் தந்தையே மகனுக்குக் கற்பித்தார். தந்தையற்ற பிள்ளை கல்வியற்றுப் போனது. பின்னர் எருசலேமிலும், அடுத்து மாவட்டந்தோறும் ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். ஆனால் 16, 17 வயதில் சேர்ந்த இளைஞன், ஆசிரியர் சினந்தால் எதிர்த்துவிட்டு வெளியேறினான். இறுதியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியரை நியமித்து ஆறு ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார். கோயில் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் அவர்.

ஓர் ஆசிரியருக்கு 25 மாணவர். 40 பேரானால் ஒரு துணையாசிரியர். 50 பேரானால் இரண்டு ஆசிரியர்கள் என்று பிற்கால அறிஞர் ஒருவர் வரையறுத்தார். வகுப்பு மாணவர் எண்ணிக்கையைப் பற்றி நாம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோமே! அடிக்க நேர்ந்தால் செருப்பு வாரினால் மட்டும் மெல்ல அடிக்கலாம் என்றும், படிக்க வராத பிள்ளையை விரட்டாமல் மற்றவர்களோடு அமர்த்தி வைக்கலாம் என்றும் அறிவுரைகள் உண்டு. அடியைப் பற்றிய அறிவுரை இக்காலத்துக்குப் பொருந்தாது. பின்னதோ எக்காலத்துக்கும் உரியது.

சாமுவேல் பார் ஷிலாத் என்பவர் அக்காலப் பள்ளியாசிரியர். ஒருநாள் அவர் தம் தோட்டத்தில் நிற்பதைக் கண்ட அறிஞர் ஒருவர், கடமையைக் கைவிட்டீரோ என வினவினார். இத்தோட்டத்தைப் பார்த்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இப்போதும் என் மனம் பிள்ளைகளிடமே இருக்கிறது என்றார் ஆசிரியர். அவர் எழுதிய நூல் எதுவும் இல்லை. இந்த ஒரு மறுமொழியால் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

நீரும் தேனும்

யூத அறிஞர்கள் தோராவை நீருக்கு ஒப்பிட்டனர். மேட்டை விட்டுப் பள்ளம் நாடும் நீர்போல், கல்வியும் செருக்குடையோரை விட்டுப் பணிவுடையோரிடம் தங்கும் என்றனர். இவ்வுவமை அக்கிவாவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியாகவே வருகிறது. நாற்பது வயது வரை எழுத்தறியாதிருந்த அவர், கிணற்றடிக் கல்லை நீர்த்துளிகள் குடைந்திருப்பதைக் கண்டார். மெல்லிய நீர் வன்கல்லைக் குடையுமாயின், மறைமொழி என் நெஞ்சைக் குடையாதா என்று எண்ணினார். மகனை அழைத்துக்கொண்டு சிறுவர் ஆசிரியரிடம் சென்று, தந்தையும் மகனும் ஒரே பலகையைப் பிடித்தபடி எழுத்துக் கற்றனர் என்பது மரபு. பெற்றோர்கள் மனத்தில் வைக்கத்தக்க காட்சி இது.

கி.பி. 132 முதல் 135 வரை நடந்த கிளர்ச்சியையொட்டி, தோரா கற்பிப்பதை உரோமையர் தடை செய்தனர். அக்கிவா வெளிப்படையாகக் கற்பித்தார். அஞ்சவில்லையா என்று கேட்டவரிடம் ஒரு கதை சொன்னார். வலைக்கு அஞ்சி ஓடிய மீன்களைக் கரைக்கு வருமாறு நரி அழைத்தது. வாழும் நீரிலேயே அச்சம் என்றால், கரையில் என்னாவோம் என்றன மீன்கள். அக்கிவா சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். கல்வி அவருக்கு வாழும் நீராகவே இருந்தது.

இடைக்கால செருமானிய நாட்டு யூதர்கள், ஷாவுவோத் திருநாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினர். வழியில் தூய்மையற்ற எதுவும் கண்ணில் படாதவாறு பிள்ளையைப் போர்வையால் மூடித் தூக்கிச் சென்றனர். எழுத்துகளும் லேவியராகமத்தின் முதல் வரியும் எழுதிய பலகையில் ஆசிரியர் தேன் தடவுவார். எழுத்தை ஓதிய பிள்ளை, அத்தேனை நாவால் சுவைக்கும்.

கற்றலும் செய்தலும்

படித்தாலே போதுமா என்ற ஐயம் அவர்களுக்கும் எழுந்தது. கற்றல் பெரிதா, செயல் பெரிதா என்று லோது நகரில் அறிஞர்கள் வாதிட்டனர். செயல் என்றார் தார்போன். கற்றல் என்றார் அக்கிவா. கற்றலே பெரிது, அது செயலுக்கு இட்டுச் செல்வதால் என்று முடிவாயிற்று. அம்முடிவின் பின்பகுதிதான் உயிரானது. செயலில் முடியாத கல்வி, உள்ளத்தைக் கழுவவில்லை என்றே பொருள்.

இவ்வரலாற்றில் குறையும் உண்டு. பல நூற்றாண்டுகள் இம்முறையான கல்வி பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வாய்த்தது. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில், சாரா ஷெனிரெர் என்ற தையற்காரப் பெண்மணி 1917இல் சிறுமியருக்கான பள்ளியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே பெய்ஸ் யாக்கோவ் பள்ளிகள் எனும் பேரியக்கம்.

1923இல் மெயிர் ஷாப்பிரோ என்ற ரபி, நாளுக்கு ஓர் ஏடாகத் தல்மூதைக் கற்கும் திட்டத்தை வகுத்தார். 2,711 ஏடுகளை முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். முடித்தவுடன் மீண்டும் முதல் ஏடு. பதினான்காம் சுற்று 2020 சனவரியில் தொடங்கியது. தோராவும் அவ்வாறே, வாரம் ஒரு பகுதியாக ஓராண்டில் முடித்து, அன்றே மறுபடி தொடங்குகிறார்கள். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878 முதல் நிற்கும் தொழுகைக்கூடத்திலும் இவ்வோதலே தொடர்கிறது.

ஒருமுறை நீராடினால் ஆயுளுக்கும் போதும் என்று எவரும் எண்ணுவதில்லை. கல்வியும் அவ்வாறே என்று இம்மக்கள் உணர்ந்திருந்தனர். ஆண்டுதோறும் அதே முதல் பாடத்தைப் புதிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது நமக்குச் சலிப்புத் தோன்றலாம். அப்போது சாமுவேலின் தோட்டத்தையும், தந்தையும் மகனும் பிடித்திருந்த பலகையையும் நினைத்துக்கொள்வோம். ஆசிரியர் மனம் பிள்ளைகளிடம் இருக்கட்டும்; பெற்றோர் கை பிள்ளையின் ஏட்டைப் பிடிக்கட்டும்.