விறைத்த காலும் என் அதட்டலும்



லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டிலுக்குக் குழந்தையிலேயே போலியோவால் பாதம் வளைந்துவிட்டது. 1836-இல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமேயர் குதிகால் நாணை வெட்டிச் சரிசெய்தார். அந்தச் சிகிச்சையைக் கற்றுத் திரும்பிய லிட்டில், கை கால் விறைத்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்டால் இப்படி விறைக்கும் என்று 1861-இல் விளக்கினார். "லிட்டில் நோய்" என்றே பெயர் வந்தது. குறை மூளையில், தசை சொன்னபடி தளராது.

இது தெரியாமல் நான் ஆசிரியராக இருந்தேன். என் வகுப்பில் ஒரு பையன் குதிகால் ஊன்றி நிற்க மாட்டான். "நேரா நில்லுடா" என்று அதட்டுவேன். கால் இன்னும் விறைக்கும். திமிர் என்று நினைத்தேன். பதற்றம் விறைப்பைக் கூட்டும் என்பதை ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன்.

தம்பி, இதைப் பார்த்தால் மன்னித்துவிடு. இன்று ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, நீங்கள் அதட்டாதீர்கள்.