மஹாகனித் தோலுக்குள் ஒரு பழைய மேஜை

2002 ஜூன் 3, லண்டன். பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடி. சுருட்டை முடிக்காரர் ஒருத்தர் தனியா நின்னு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறார். ராணி எலிசபெத் அரியணை ஏறி 50 வருஷம் ஆனதுக்கான கொண்டாட்டம் அது. வாசிச்சவர் குயீன் இசைக்குழுவின் பிரையன் மே. வாசிச்சது பிரிட்டிஷ் தேசிய கீதம்.

டிவியில் பார்த்தவங்களுக்கு அது செம்பழுப்பில் மின்னும் மஹாகனி கிட்டார். அரண்மனைக்கு ஏத்த பொருள்தான். ஆனா அதன் உடம்பில் மஹாகனி என்பது மேலே ஒட்டின மெல்லிய ஏடு மட்டும்தான். அந்த ஏட்டுக்குப் பேர் வெனீர். உங்க வீட்டு வார்ட்ரோப் கதவில்கூட இருக்கலாம்.

வெனீருக்கு வயசு அதிகம், கெட்ட பேரும் அதிகம். எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலேயே கருங்காலியும் தந்தமும் மெல்லிசா அறுத்து ஒட்டின பெட்டிகள் கிடைச்சிருக்கு. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைப் பத்திப் புலம்பியிருக்கார்: ஒரே மரத்தைப் பல தடவை விற்கக் கண்டுபிடிச்ச வழியாம் இது. 1864-65ல் தொடராக வந்த 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' நாவலில், எல்லாமே புதுசா பளபளன்னு வெச்சிருக்கும் ஒரு பகட்டுத் தம்பதிக்கு சார்லஸ் டிக்கன்ஸ் வெச்ச பேரே வெனீரிங். மேலே மினுக்கு, உள்ளே ஒண்ணுமில்ல. இதுதான் பல நூற்றாண்டாக வெனீர் மேல் இருக்கிற குற்றச்சாட்டு.

இப்போ 1963க்கு வருவோம். லண்டன் ஓரத்தில் ஃபெல்தம் என்ற இடம். பிரையனுக்கு 16 வயசு. அமெரிக்க ஃபெண்டர் கிட்டார் வாங்கணும்னு ஆசை, ஆனா வீட்டில் அவ்வளவு காசு இல்லை. அப்பா ஹெரால்ட் மே அரசாங்கத்தின் விமானத் துறை அமைச்சகத்தில் வேலை பார்த்தவர், எலெக்ட்ரானிக்ஸ் நல்லா தெரிஞ்சவர். வாங்க முடியலைன்னா செஞ்சிடலாம்னு ரெண்டு பேரும் இறங்கினாங்க. அந்த ஆகஸ்ட்டில் ஆரம்பிச்ச வேலை சுமார் ரெண்டு வருஷம் நடந்தது.

கிட்டாரின் கழுத்துக்குக் கிடைச்சது, கணப்பு அடுப்பைச் சுத்தி இருந்த நூறு வருஷத்துக்கும் மேல் பழைய மரச்சட்டம். பூச்சி அரிச்ச ஓட்டைகளைத் தீக்குச்சி வெச்சு அடைச்சாங்க. உடம்பின் நடுவில் பழைய ஓக் மேஜையின் துண்டு, சுத்தி பிளாக்போர்டு. அதாவது மெல்லிய பலகைகளுக்கு நடுவே மலிவான மரக்கட்டைகளை அடுக்கி ஒட்டின போர்டு. ஸ்வரத்தை ஆட்டும் ட்ரெமொலோவுக்கு 1928ம் வருஷத்து பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அதன் கைப்பிடி நுனியில் அம்மாவின் ஸ்வெட்டர் பின்னும் ஊசித் துண்டு. விரல் பலகையில் இருக்கிற வெள்ளைப் புள்ளிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

ஒலிக்கு வேண்டியது எல்லாம் உள்ளே முடிஞ்சிருச்சு. ஆம்ப்ளிஃபயர் முன்னாடி நின்னா கிட்டார் தானாகவே ரீங்கரிக்கணும்னு உடம்புக்குள்ளே வெற்றிடம் விட்டிருந்தாங்க. ஆனா பார்வைக்கு அது இன்னும் ஒட்டுப்போட்ட பலகைதான். ஒரே கட்டையில் செஞ்ச கிட்டார் மாதிரி தெரியணும்னுதான் மேலேயும் கீழேயும் மஹாகனி வெனீர் ஒட்டினாங்க.

பொதுவா இந்த வேலை எப்படின்னு தச்சர் யாரையாவது கேட்டுப் பாருங்க. ஏட்டின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. அடியில் பசை ஒரே சீரா பரவணும், நல்லா அழுத்திப் பிடிக்கணும். காத்து மாட்டினா அந்த இடம் கொப்புளமா எழும்பிடும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா, பசை காயக் காய ஏடு இழுத்துப் பலகை வளைஞ்சிடும். அதனால பின்பக்கமும் ஒட்டுறதுதான் வழக்கம். உப்புத்தாள் போடும்போது கொஞ்சம் கை அழுந்தினா போச்சு, ஏடு தேஞ்சு அடிமரம் எட்டிப் பார்க்கும். ஓரம் சுலபமா பிய்யும். மே வீட்டில் அதுக்கும் ஒரு வழி கிடைச்சது: அலமாரித் தட்டு விளிம்பில் ஒட்டுற வெள்ளை பிளாஸ்டிக் பட்டை. பல பேர் அலங்காரம்னு நினைக்கிற அந்த வெள்ளைக் கோடு, உடம்பின் விளிம்பைக் காப்பாத்த வெச்ச கவசம்.

மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டுன்னு சொல்லுவாங்க.

கதையில் ஒரு முடிச்சு இருக்கு. மகனோடு உட்கார்ந்து இந்தக் கிட்டாரைச் செஞ்ச அதே அப்பா, வானியற்பியல் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுட்டு மகன் அதையே பிழைப்பாக்கினப்போ ஏத்துக்கவே இல்லை. அப்பாவும் மகனும் பேசிக்கிறதே குறைஞ்சு போச்சு. 1977ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குயீன் வாசிச்சப்போ, பிரையன் அப்பா அம்மாவை கான்கார்ட் விமானத்தில் கூட்டிட்டுப் போனார். அதே விமானத்தின் தரையிறங்கும் கருவிகளுக்காக உழைச்சவர் அப்பா, ஆனா டிக்கெட் வாங்கும் வசதி அவருக்கு இருந்ததில்லை. அன்னிக்கு ராத்திரி அரங்கத்தைப் பார்த்த பிறகுதான் அவர் மகனைப் புரிஞ்சுக்கிட்டார். ஹெரால்ட் 1988ல் காலமானார். விட்ட முனைவர் பட்டத்தை மகன் 2007ல் முடிச்சார்.

சரி, பிளினியும் டிக்கன்ஸும் சொன்னது தப்பா? தப்பில்லை. உள்ளே இருக்கிறதை மறைச்சு விலை ஏத்தினா வெனீர் பொய்தான். ஆனா பிரையன் மே எதையும் மறைக்கலை. மேஜை, அடுப்புச் சட்டம், தீக்குச்சி எல்லாத்தையும் கேட்டவங்களிடம் எல்லாம் சொல்லிட்டே இருக்கார். காசில்லாத வீட்டில் கிடைச்ச பத்துப் பொருளை ஒரே பொருளாக்கின கடைசி வேலை அந்த ஏடு. தயக்கமில்லாம மேடை ஏத்தக்கூடிய தோற்றத்தை அதுதான் கொடுத்தது.

அடுத்த தடவை குயீன் பாட்டு கேட்கும்போது கிட்டார் வர்ற இடத்தைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. ஒரு பழைய மேஜையும் அதில் கலந்து ஒலிக்குது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.