பதவி விலகலும் பரிகாரமும்

பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்களவையில் விந்தையான மரபு ஒன்று உண்டு. ஓர் உறுப்பினர் மற்றோர் உறுப்பினரைப் பொய்யர் என்று அங்கே சொல்லலாகாது. 2021 சூலை 22 அன்று, பிரதமர் போரிஸ் ஜான்சன் அவையில் மீண்டும் மீண்டும் பொய் உரைத்தார் என்றார் தொழிற்கட்சி உறுப்பினர் டான் பட்லர். சொன்னதைத் திரும்பப் பெற மறுத்தமையால் அன்றைய அமர்விலிருந்து வெளியேற்றப்பட்டார். சொன்னது பொய்யா மெய்யா என்னும் வினா அவைக்குள்ளேயே தங்கிவிட்டது. வினா எழுப்பியவர்தாம் வெளியே போனார்!

சிரிப்பு வருகிறதல்லவா? ஆயினும் இம்மரபின் அடித்தளம் ஒரு நம்பிக்கையே. அமைச்சர் அவையில் எழுந்து உரைப்பது உண்மை; தவறி உரைத்தால் தாமே திருத்துவார்; அறிந்தே பொய் உரைத்தால் தாமே விலகுவார். மனச்சான்று ஒன்றே அங்குக் காவல். அக்காவல் உறங்கினால் என்னவாகும் என்பதற்கு வரலாறு இரு சான்றுகளைத் தருகின்றது.

முதலாவது, போர்த்துறை அமைச்சர் ஜான் புரோபியூமோ. கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணுடன் அவருக்கிருந்த உறவு பேச்சுக்குரியதாயிற்று. சோவியத் கடற்படை அதிகாரி ஒருவருக்கும் அப்பெண் அறிமுகமானவர் என்பதால் நாடே பதறியது. 1963 மார்ச்சு 22 அன்று, தகாத தொடர்பு ஏதும் இல்லை என அவர் அவையில் உறுதி கூறினார். சூன் 5 அன்று, தாம் கூறியது பொய் என ஒப்புக்கொண்டு பதவி விலகினார். வேறு வழியின்றித்தான் விலகினார். அதில் வீரம் ஒன்றுமில்லை. நான் வியப்பது அதன்பின் நடந்ததைத்தான். கிழக்கு இலண்டனில் ஏழைகளுக்கென 1884-இல் தோன்றிய டாயின்பீ இல்லத்திற்குத் தொண்டராகச் சென்று, பாத்திரம் கழுவுவதில் தொடங்கினார். 2006-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள், அத்தொண்டை விடவில்லை. 1975-இல் அரசியார் அவருக்குச் சி.பி.இ. விருது வழங்கினார்.

இரண்டாவது, மேற்சொன்ன ஜான்சன். கொரோனா நாட்களில் மக்கள் தம் உற்றாரை இறுதியாகக் காணவும் இயலாதிருந்தனர். 2021 ஏப்ரல் 17 அன்று அரசியாரே கணவரின் அடக்கச் சடங்கில் தனியே அமர்ந்திருந்தார். அதற்கு முந்திய இரவு, பிரதமர் அங்கில்லாத வேளையில், அவருடைய அலுவலகத்தில் ஊழியர்கள் விருந்தாடினர். விதிகள் யாவும் பின்பற்றப்பட்டன என அவர் அவ்வாண்டு திசம்பரில் அவையில் கூறினார். 2022 ஏப்ரலில், மற்றொரு கூட்டத்திற்காகக் காவல்துறை அவருக்கே அபராதம் விதித்தது. 2023 சூனில், அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என உரிமைக்குழு முடிவுரைத்தது. அவை அதனை 354-க்கு 7 என்ற வாக்குகளால் ஏற்றது. நல்லெண்ணத்துடனேயே பேசியதாகச் சொல்லி அவர் அம்முடிவை மறுத்தார். அறிக்கை வெளிவருமுன்னரே உறுப்பினர் பதவியைத் துறந்துவிட்டமையால், முன்னாள் உறுப்பினர்க்குரிய நுழைவுச்சீட்டை மறுப்பதே அவைக்கு எஞ்சிய தண்டனை. அவரோ விரைவில் நாளேடு ஒன்றில் பத்தி எழுதத் தொடங்கினார்.

குற்ற அறிக்கைகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு ஒன்று விளங்கும்: "வருந்துகிறேன்" என்பது வேறு, வருந்துவது வேறு. புரோபியூமோவின் வீழ்ச்சியைக் கண்டு நகைத்தவர்கள் பலர். ஆயினும் உண்மைக்கு ஒரு விலை உண்டு என்பதை அவருடைய பிற்கால வாழ்வு நினைவூட்டிற்று. அவ்விலையைச் செலுத்த எவரும் முன்வராத அவையில், பொய்யர் என்னும் சொல்லை மட்டும் விலக்கி வைப்பதால் யாருடைய மானம் காக்கப்படும்?

பதவி விலகலுக்கு ஒரு கடிதம் போதும். பரிகாரத்திற்கு ஓர் ஆயுள் வேண்டும்.