சுழி சுத்தமா, குணம் சுத்தமா?

கும்பகோணத்தில் எங்கள் தாத்தா ஒரு காலத்தில் சொந்தமாகக் குதிரை வண்டி வைத்திருந்தார். நான் பிறப்பதற்கு முந்தைய கதை. பாட்டி சொல்லிக் கேட்டது. தரகர் கொண்டுவந்த குதிரைக்கு நான்கு கால்களிலும் முகத்திலும் வெள்ளை, அசல் பஞ்சகல்யாணி. நெற்றிச் சுழியும் சாஸ்திரப்படி அமைந்திருந்ததாம். "சுழி சுத்தம், கண்ணை மூடிண்டு வாங்கலாம்" என்றார் தரகர். தாத்தாவும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். பாட்டியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பாலத்தைக் கண்டால் அந்தக் குதிரை நின்றுவிடும் என்பது. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் அரசலாறு. கும்பகோணத்தில் பாலம் ஏறாமல் எங்கே போவது? ஒரே வருஷத்தில் பாதி விலைக்கு விற்றார்கள். வளையல்கள் திரும்பவே இல்லை. "குதிரை குணமறிந்துதான் பகவான் கொம்பு கொடுக்கலை" என்று பாட்டி சொல்லிச் சிரிப்பாள். தாத்தா சிரிக்க மாட்டார்.

இந்தக் கதை இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம், புணேயில் குதிரையேற்றம் கற்றுக்கொள்ளும் என் பேத்தி. "தாத்தா, குதிரை வாங்கறதுன்னா முக்கியமா எதைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். ஓய்வுபெற்றவனுக்கு இப்படி ஒரு கேள்வி போதாதா? புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

முதலில் எடுத்தது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். அந்தச் சுவடி கிடைத்ததில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் ஒப்படைத்த சுவடியை 1905-ல் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார், 1909-ல் அச்சேற்றினார். அதில் அச்வாத்யக்ஷர் என்ற குதிரை அதிகாரிக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. குதிரையின் குலம், வயது, நிறம், அடையாளம், வந்த வழி எல்லாவற்றையும் அவர் பதிவேட்டில் எழுதவேண்டும். காம்போஜம், சிந்து, ஆரட்டம், வனாயு தேசத்துக் குதிரைகள் உத்தமம். உத்தமக் குதிரையின் முகம் 32 அங்குலம். உயரம் கணைக்காலைப்போல் நான்கு மடங்கு, நீளம் முகத்தைப்போல் ஐந்து மடங்கு. இத்தனை அளவு சொன்னவர் அதோடு நிற்கவில்லை. தீக்ஷ்ணம், பத்ரம், மந்தம் என்று சுபாவத்தையும் மூன்றாகப் பிரித்து, அதற்கேற்றபடி வேலை கொடுக்கச் சொல்கிறார். அங்குலக் கணக்கு எத்தனை சரியாக இருந்தாலும் சுபாவத்தைத் தனியே பார்த்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிற்காலத்தில் வராஹமிஹிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில் குதிரை லக்ஷணத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். எந்த இடத்துச் சுழி நல்லது, எது ஆகாது என்ற கணக்கெல்லாம் அதில் வருகிறது. தாத்தாவின் தரகர் பேசியது இந்த மரபின் பேச்சுதான்.

லக்ஷணம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு நம் ஊர்க் கதையே பதில் சொல்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் சிவகாரியத்துக்குச் செலவிட்டார். பிறகு இறைவனே குதிரை வணிகராக மதுரைக்கு வந்து, கயிறு மாறிக் கொடுத்தார். கயிறு கைமாறினால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் விற்றவருக்குப் பொறுப்பில்லை. பகலில் ராஜாவே மெச்சிய குதிரைகள் ராத்திரியில் நரிகளாயின. திருவிளையாடலின் தத்துவம் வேறு. ஆனாலும் குதிரை வாங்குகிறவனுக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கயிற்றைக் கையில் வாங்குவதற்கு முன்பே பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட வேண்டும்.

நல்ல குதிரையாகவே அமைந்துவிட்டால்? அதற்குச் சரித்திரம் வேறொரு பாடம் வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாக வருஷத்துக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை வருஷ முடிவுக்குள் இறந்துவிடுகின்றன என்கிறார். காரணம் பராமரிப்புத் தெரியாததுதான். சோற்றோடு மாமிசத்தை வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம்! குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

கௌடில்யர் இதற்கும் வழி சொல்லியிருந்தார். பருவத்துக்கு ஏற்ற தீனியை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். சிகிச்சையில் தவறு செய்து நோய் முற்றினால், செலவைப்போல் இரு மடங்கு அபராதம். பொன்னை அள்ளிக் கொடுத்தவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தால் எத்தனை குதிரைகள் பிழைத்திருக்கும்!

பேத்தியின் பயிற்சியாளரிடமும் கேட்டேன். அவர் சுழி எதுவும் பார்ப்பதில்லை. பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார். ஒவ்வொரு காலையும் தடவிச் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்கிறார். கெட்டித் தரையில் ஓடவிட்டு நடையையும் மூச்சையும் கவனிக்கிறார். கடைசியாக, சத்தமும் கூட்டமும் இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போய் மிரள்கிறதா என்று சோதிக்கிறார்.

பேத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான்: முதலில் குணம், அடுத்தது கால், பிறகு வயது, கடைசியில் நிறமும் சுழியும். இவற்றுக்கெல்லாம் முன்னால், அதை ஒழுங்காக வைத்துக்கொள்ள நமக்குத் தெரியுமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வளையல்களை அடகு வைப்பதற்கு முன், அந்தப் பஞ்சகல்யாணியை ஒரே ஒரு தடவை பாலத்தின் மேல் ஓட்டிப் பார்த்திருக்கலாம்.